ஆபரேஷனுக்குப் பிறகு தந்த வலி மாத்திரை, இரண்டரை வருடமாக விடமுடியவில்லை. என்ன செய்வது?

கேட்டவர்: குலசேகரத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். சொந்தக்காரர்களிடம் சொன்னால் மறுநாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதால் முகம் தெரியாத உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரருக்கு 41 வயது, ரப்பர் பால்வெட்டுத்தான் தொழில். விடிய மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு போவார், ஷீட் அடித்து முடித்து வரும்போது பத்து பதினொன்று ஆகிவிடும். இரண்டரை வருடத்துக்கு முன்பு மழை விட்ட ஒரு காலையில் பால் வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்தார். டிஸ்க் விலகி, முதுகில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது டிரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை எழுதித் தந்தார்கள், காலை ஒன்று ராத்திரி ஒன்று, பத்து நாளைக்கு. பத்து நாள் கழிந்தும் வலி போகவில்லை, பழைய சீட்டையே மருந்துக்கடையில் காட்டினார், கொடுத்தார்கள். அப்புறம் சீட்டையே கேட்கவில்லை. இரண்டு நாலானது, நாலு ஆறானது. இப்போது ஒரு நாளைக்குப் பத்து, சில நாள் பன்னிரண்டு. ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையில் ஷீட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த காலி அட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் எனக்கே கணக்கு தெரிந்தது.

போன சித்திரையில் கோபத்தில் எல்லாவற்றையும் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். மறுநாள் தொடங்கியது. ஓயாத கொட்டாவி, கண்ணும் மூக்கும் ஒழுகுகிறது, மேலெல்லாம் புல்லரிக்கிறது, வயிற்றால் போகிறது, ராத்திரி முழுக்கக் காலை உதறிக்கொண்டே கிடக்கிறார். நான் காய்ச்சல் என்று நினைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் யாரிடமோ கடன் வாங்கி மாத்திரை வாங்கிப் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது, கை கால் நடுங்கிவிட்டது.

போன மாசம் ஒரு ராத்திரி அவருக்குக் கை கால் வெட்டி இழுத்தது. தனியார் ஆஸ்பத்திரியில் வலிப்பு என்று சொல்லி வேறு மாத்திரை தந்தார்கள். இந்த மாத்திரையைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, வெட்கத்தில் நானும் சொல்லவில்லை.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூட்டாளிகளோடு கொஞ்சம் குடிப்பார், அவ்வளவுதான். "டாக்டர் தந்த மருந்து எப்படிப் போதையாகும், எனக்கு முதுகு நொம்பலம்" என்கிறார், சில நாள் அவரே தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கொழுந்தன் எங்கேயாவது ஒரு இல்லத்தில் அடைக்கச் சொல்கிறார். ஷார்ஜாவில் இருக்கிற என் தம்பி அடுத்த மாசத்துக்கு விசா ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான், இடம் மாறினால் விட்டுவிடுவார் என்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று இவர் பயப்படுகிறார். வீட்டிலேயே வைத்து நிறுத்த முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வேளிமலை

பாசம் பார்த்தால் சரிவராது அக்கா. ஒரு ரூமில் போட்டுப் பூட்டி ஒரு வாரம் கஞ்சி மட்டும் கொடுங்கள். கத்துவார், கதவைத் தட்டுவார், திறக்கக்கூடாது. எங்கள் மாமாவை இப்படித்தான் குடியை விட வைத்தோம். மனசு வைத்தால் எதையும் விடலாம்.

பதில்: மருந்துக்கடை_தக்கலை

தங்கச்சி, மேலே உள்ளதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். திரும்பவும் மாத்திரையைத் தூக்கி எறியவும் வேண்டாம். நான் 19 வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன், வேளிமலை தம்பியின் மேல் கோபமில்லை, ஆனால் ஒருமுறை வலிப்பு வந்த ஆளைப் பூட்டிப் போடுவது உயிருக்கே ஆபத்து. குடியையும்கூட அப்படித் திடீரென்று நிறுத்தக்கூடாது, அதிலும் வலிப்பு வந்து செத்தவர்கள் உண்டு.

அந்தச் சேர்ப்பு மாத்திரை பெரும்பாலும் டிரமடால் 37.5 மில்லிகிராம், பாரசிட்டமால் 325 மில்லிகிராம். அட்டையில் பாருங்கள், அதுதானென்றால் பன்னிரண்டு போடுகிற நாளில் டிரமடால் மட்டும் 450 மில்லிகிராம் உள்ளே போகிறது. ஒரு நாளைக்கு அதிகபட்சமே 400 தான். டிரமடாலுக்கு மற்ற அபின் வகை மருந்துகளைவிட வலிப்பைத் தூண்டும் குணம் கூடுதல், அளவு கூடக்கூட அது ஏறும். போன மாசம் வந்த வெட்டு இதனாலேயே வந்திருக்கலாம், ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது டாக்டர், உண்மை தெரிந்தால்தான் அவராலும் தீர்மானிக்க முடியும். அப்புறம் பாரசிட்டமால் கணக்கைப் பாருங்கள், பன்னிரண்டு மாத்திரையில் 3900 மில்லிகிராம். நாலு கிராம்தான் பெரியவர்களுக்கு எல்லை, அதை நாள் கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால் ஈரல் தாங்காது, கூட்டாளிகளோடு குடிக்கிற அன்றைக்கு இன்னும் மோசம். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்யச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறாரா என்றும் பாருங்கள், இதோடு அதுவும் சாராயமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடும்.

"டாக்டர் தந்தது எப்படிப் போதையாகும்" என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. டிரமடால் உடம்புக்குள் போய் மாறி, மூளையில் அபினும் மார்ஃபினும் பிடிக்கிற அதே இடத்தைப் பிடிக்கிறது. தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும், அதே பலனுக்குக் கூடுதல் வேண்டும், நிறுத்தினால் நீங்கள் எழுதியிருக்கிற கொட்டாவி, புல்லரிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இதில் மனசு வைப்பதும் வைக்காததும் எங்கே இருக்கிறது? இன்னொன்று, நீண்ட நாள் போட்டால் சிலருக்கு இந்த மாத்திரையே வலியைக் கூட்டிவிடும், நரம்புகள் சின்ன வலியையும் பெரிதாகக் காட்டும். முதுகு இன்னும் வலிக்கிறது என்று அவர் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள்.

எங்கள் தொழிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், மனசு பொறுக்கவில்லை. டிரமடால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத 'எச் ஒன்' பட்டியலில் இருக்கிற மருந்து. 2014 மார்ச்சிலிருந்து இந்தப் பட்டியல் மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும். 2018 ஏப்ரலில் டிரமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டு வந்தார்கள். இவ்வளவு இருந்தும் பழைய சீட்டுக்கும் சீட்டே இல்லாமலும் அட்டை அட்டையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்றால் அது அந்தக் கடைக்காரரின் குற்றம், உங்கள் வீட்டுக்காரருடையது இல்லை. என்னிடமும் வருவார்கள், "அண்ணாச்சி, அந்த முதுகு மாத்திரை" என்று. சீட்டு இல்லையென்றால் தரமாட்டேன், திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். உட்கார வைத்து இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

போலீஸ் பயம் வேண்டாம். அந்தச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது, பழக்கத்துக்கு ஆளானவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், சொந்த உபயோகத்துக்கான வழக்கிலிருந்து பாதுகாப்பு கொடுப்பதற்காகவே எழுதியது. சிகிச்சைக்கு வருகிறவரைப் பிடித்துக் கொடுப்பது டாக்டரின் வேலையும் இல்லை.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்றதும் பயப்படாதீர்கள், இந்த வைத்தியம் அவர்களிடம்தான். காலி அட்டைகளையும் வலிப்புக்குத் தந்த சீட்டையும் ஆபரேஷன் பேப்பரையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். அதுவரைக்கும் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கத்துக்கென்றே 14446 என்று ஒரு எண்ணும் இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிடையாது. திரும்பவும் வெட்டு வந்தால், அல்லது எழுப்பினால் எழும்பாமல் குறட்டை மாதிரி மெதுவாக மூச்சு விட்டால் 108ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பதில்: ஆழ்கடல்_தூத்தூர்

மைனி, நான் இதில் கிடந்து எழும்பியவன், அதனால் எழுதுகிறேன். ஆழ்கடல் தங்கல்தான் எனக்கு. சுறாவுக்கும் கேரைக்கும் தூண்டில் போட்டு இருபது நாள், முப்பது நாள் கழித்துத்தான் கரைக்கு வருவோம். கயிறு இழுக்கிற வின்ச் மிஷினில் தோள்பட்டை மாட்டி எலும்பு விலகியது, அதற்குத் தந்த மாத்திரையில் தொடங்கியது. டபெண்டடால் என்று வேறொரு மாத்திரை, டிரமடாலுக்குத் தம்பி மாதிரி. முதலில் தோள் வலிக்காக, அப்புறம் கண்முழித்து வேலை செய்ய, கடைசியில் எதற்கென்றே தெரியாமல், போடாவிட்டால் எழும்பவே முடியாது என்பதற்காக மட்டும் போட்டேன்.

ஒரு தங்கலில் பன்னிரண்டாம் நாளே மாத்திரை தீர்ந்துபோனது. கரை ஏற இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கிற அத்தனையும் எனக்கு வள்ளத்துக்குள்ளே வந்தது, சுற்றிலும் கடல், ஒளிந்துகொள்ள இடமில்லை, கூட உள்ளவர்கள் ஏதோ விஷக்காய்ச்சல் என்று என் பக்கத்திலேயே வரவில்லை. வள்ளத்தை ஓட்டுகிற ஸ்ராங்கு வயசான மனுஷன், அவர் ஒருத்தருக்குத்தான் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கட்டன் சாயாவைக் கையில் தந்து, "மக்கா, என்ன மாத்திரை போடுகிறாய்" என்று மட்டும் கேட்டார். திட்டவே இல்லை. இரண்டு வருடத்தில் நான் முதல்முறையாக உண்மை சொன்னது அந்த ஆளிடம்தான். உங்கள் வீட்டுக்காரரிடமும் அப்படிக் கேட்டுப் பாருங்கள், எத்தனை போடுகிறாய் என்று சண்டைக்காகக் கேட்காமல், எண்ணிக்கை தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள்.

கரைக்கு வந்ததும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடலில் வைத்தே எல்லாம் போய்விட்டது, இனி என்ன வைத்தியம் என்ற நினைப்பு. ஐந்து மாசம் தொடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் தோள் வலித்தது, கொஞ்சம் குடித்தும் இருந்தேன், பழைய ஓர்மையில் ஆறு மாத்திரையை ஒன்றாகப் போட்டுவிட்டேன். முன்பு ஆறு எனக்கு ஒன்றுமே செய்யாது. ஆனால் நிறுத்திய உடம்பு அந்தப் பழக்கத்தை மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. உதடு நீலமாகி மூச்சு நின்று நின்று வந்ததாம், அண்ணன் தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தேன். நலோக்சோன் என்று ஒரு ஊசி போட்டு மீட்டெடுத்தார்கள். விட்டவன் திரும்பத் தொட்டால்தான் மரணம் கிட்டே நிற்கிறது மைனி, இதை உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

அதன்பிறகுதான் ஒழுங்கான வைத்தியம் நடந்தது. ப்யூப்ரநார்ஃபின் என்று நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கிற மாத்திரை தந்தார்கள். அதை நினைத்த நேரத்தில் தொடங்க முடியாது, பழைய மருந்து உடம்பிலிருந்து இறங்கிக் கஷ்டம் தொடங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள், அவசரப்பட்டுத் தொடங்கினால் கஷ்டம் பல மடங்காகும். அந்த முதல் நாள் போனால் அப்புறம் சமாளித்துவிடலாம். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று ஊரில் கேட்டார்கள். எனக்கு அது நடக்க ஒரு கைத்தடி மாதிரி இருந்தது, பையப் பையக் குறைத்தார்கள், பதினாலு மாசம் ஆனது. இப்போது மூன்று வருடமாக ஒன்றும் இல்லை. தோள் இன்னும் மழைக்கு வலிக்கும், பயிற்சி செய்கிறேன், சுடுதண்ணீர் ஒத்தடம் போடுகிறேன்.

இல்லத்தில் அடைப்பதென்றால், டாக்டரும் நர்சும் ராத்திரியும் இருக்கிற இடம்தானா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்லுங்கள். வெறும் பூட்டு மட்டும் இருக்கிற இடம் வேண்டாம்.

பதில்: கருங்கல்2ஷார்ஜா

விசா விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா. அவரை இப்போது அனுப்பாதீர்கள். டிரமடால் இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, இங்குள்ள அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே கைது செய்யவும் வாய்ப்பு உண்டு. ஊர் டாக்டர் சீட்டு இருக்கிறது என்று நம்பி வந்து மாட்டியவர்கள் உண்டு. கொண்டுவராமல் வந்தால் மூன்றாம் நாள் லேபர் கேம்பில் கிடந்து துடிப்பார், பக்கத்தில் நீங்களும் இருக்கமாட்டீர்கள். விசா போனால் இன்னொன்று எடுக்கலாம், தம்பியிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

பதில்: ஆரல்_காற்று

இதைப் படித்துவிட்டு எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாவுக்குக் கருப்பைப் புற்றுநோய், எலும்புக்குப் பரவிவிட்டது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை தரச் சொல்லியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவார்களோ என்று நான் ராத்திரி மாத்திரையை மட்டும் கொடுக்காமல் விட்டுவிடுகிறேன். செய்வது சரியா?

பதில்: வலிதணிப்பு_நர்ஸ்

அம்மாவுக்கு இன்று ராத்திரியே மாத்திரையைக் கொடுங்கள், தயவுசெய்து. நான் பத்து வருடமாக வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கிறவள், திருவனந்தபுரத்தில் பயிற்சி எடுத்தேன். ராத்திரி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற அம்மாக்களை நிறையப் பார்த்துவிட்டேன், பாதிப் பேர் வீட்டில் மருந்து இருந்தும் இந்தப் பயத்தால்தான் அப்படிக் கிடந்தார்கள்.

உடம்பு பழகுவது வேறு, அடிமைத்தனம் வேறு. உங்கள் அம்மாவின் உடம்பு மார்ஃபினுக்குப் பழகும், அது உண்மை, அதனால்தான் திடீரென்று நிறுத்தக்கூடாது. ஆனால் அவர் மாத்திரையை ஒளித்து வைப்பதில்லை, அதற்காகக் கடன் வாங்குவதில்லை, கெடுதல் என்று தெரிந்தும் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. சொன்ன நேரத்துக்குச் சொன்ன அளவில் கொடுத்தால் வலி தலைதூக்காமல் இருக்கும். மலச்சிக்கல் கண்டிப்பாக வரும், அதற்கு மருந்து சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், பேரப்பிள்ளைகள் கையில் சிக்கக்கூடாது.

நம் நாட்டில் ரொம்ப வருடம் சட்டக் கெடுபிடியால் மார்ஃபினே கிடைக்காமல் லட்சக்கணக்கானவர்கள் கதறிச் செத்தார்கள். வலிதணிப்பு வைத்தியத்துக்காக உழைக்கிற டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவருடைய பாலியம் இந்தியா அமைப்பும் இன்னும் பலரும் வருடக்கணக்கில் போராடித்தான் 2014இல் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். அப்படிக் கிடைத்த மருந்தை அம்மாவுக்குக் கொடுக்காமல் வைக்காதீர்கள்.

குலசேகரத்து அக்காவுக்கும் ஒன்று. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்தியாவில் நூறு பேரில் கிட்டத்தட்ட ஒருவர் வலி மாத்திரை போன்ற அபின் வகை மருந்துகளை மருத்துவத்துக்கு வெளியே பயன்படுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊர்த் திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், அதில் எத்தனை வீடு இருக்கும். ஒவ்வொரு வீடும் தனக்கு மட்டும்தான் இந்தக் கேவலம் என்று கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. முதுகு வலியையும் விடாதீர்கள். மாத்திரையைக் குறைக்கும்போதே பிசியோதெரபியும் மற்ற மருந்தும் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், வலியை அப்படியே விட்டால் அவர் திரும்பவும் அந்தக் கடைக்குத்தான் போவார்.

பதில்: வேளிமலை

நான் எழுதியதை யாரும் செய்ய வேண்டாம். மாமா தப்பியது அதிர்ஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. அக்கா, ஆசாரிப்பள்ளம் போக வண்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள், நான் ஆட்டோதான் ஓட்டுகிறேன்.

பதில்: குலசேகரத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி என்று எழுதினால் போதாது, ஆனால் வேறு வார்த்தை தெரியவில்லை. தூத்தூர் அண்ணன் சொன்ன மாதிரி, அன்று ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு சாயா போட்டுக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனை என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பதினாலு" என்றார். நான் எண்ணிய அட்டையைவிடக் கூடுதல். இன்னொரு இடத்திலும் ஒளித்து வைத்திருந்தாராம்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரிடம் நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார், பதினாலு, வெட்டு வந்தது, சித்திரையில் நின்றது, எல்லாம். டாக்டர் அட்டைகளை எடுத்துப் பார்த்து எழுதிக்கொண்டார், குரலை உயர்த்தவே இல்லை. வலிப்பு வந்திருப்பதால் வீட்டில் வைத்துக் குறைக்க வேண்டாம் என்று அட்மிட் போட்டுவிட்டார்கள். ஈரலுக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள், ரிசல்ட் நாளைக்கு. முதுகை எலும்பு டாக்டரும் வந்து பார்ப்பாராம். தம்பிக்கு போன் செய்து விசா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முதலில் கோபப்பட்டான், அப்புறம் அழுதான்.

இரண்டு ராத்திரி கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் சித்திரை மாதிரி இல்லை, மருந்து கொடுக்கிறார்கள், தூங்குகிறார். வார்டு வராந்தாவில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அத்தை கஞ்சியும் பயறும் கொண்டு வந்தார்கள், பாதி குடித்தார். தோட்ட முதலாளிக்கு என்ன சொல்வது என்று கேட்டார், முதுகுக்குத் திரும்ப வைத்தியம் என்று சொல்லிவிடலாம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அங்கே இன்னும் இரண்டு பேர் இதைப் போடுகிறார்கள்" என்று போனைக் கேட்டார். கொடுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.